பாட்டில் ஒரு மிடறு

என் தம்பி பாட்டுக் கட்டும்போது உட்கார மாட்டார். நடப்பார். சமதரையில் நடந்தாலும் சரிவராது, மேடு ஏற வேண்டும். குடைக்காம்பில் விரலால் தட்டிக்கொண்டு, ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஏறுவார். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அந்த இடத்தில் நின்று ஒரு சொல்லைக் கழித்துவிடுவார். கிழமைக்கு ஒரு தரம் தக்கியாவில், அவருடைய சின்னத் தொழுகைக் கூடத்தில், ராத்தீபு நடக்கும். ஆண்கள் வட்டமாக நின்று, உடம்பை அசைத்து, ஆண்டவன் பேரைச் சொல்லிச் சொல்லி, நடுவில் அவருடைய பாட்டுகளைப் பாடுவார்கள். பாதியில் மூச்சு அறுந்தால் மனசும் அறுந்துபோகும் என்பது அவருடைய கணக்கு.

"பாட்டு நாக்குல நிக்கிறதில்ல ராத்தா, மூச்சுலதான் நிக்குது" என்பார்.

ராத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. நான் தம்பி என்று சொல்கிற ஆளை ஊரெல்லாம் அசரத் என்று சொல்லும். பெரிய ஆலிம். தெற்கே கடலோரத்து மதரசாவில் பல வருசம் ஓதி, அரபுக் கித்தாபுகளைக் கரைத்துக் குடித்தவர். சூஃபி வழியில் போனவர். எம்பிலிப்பிட்டியவில் இருந்தும் பலாங்கொடையில் இருந்தும் மார்க்கச் சட்டம் கேட்க அவரிடம் ஆள் வரும். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். நெற்றியில் பொட்டு, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு. எனக்கு அவர் எப்படித் தம்பி என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு காலத்தில் பதிலே சொன்னதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு எதற்கு என்று இருந்தேன். இப்போது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். தோட்டத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில், அவருடைய தகப்பனார் கடை வைத்திருந்தார். கடை நானா என்று சொல்வோம். அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். அந்த வீட்டு அம்மா பிள்ளையைப் பெற்றுப்போட்டு, காய்ச்சல் கண்டு, கண் மூடிவிட்டார். பிள்ளை பசுப்பாலைக் குடித்து வாந்தி எடுத்தது. பால்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நான் எங்கள் அம்மாவுக்குக் கைப்பிள்ளை. கடை நானா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றாராம். கடனுக்கு அரிசி கேட்டு எங்கள் ஆட்கள் அவர் வாசலில் நிற்பதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் வந்து நின்றார். எங்கள் அம்மா பிள்ளையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாராம்.

கொழுந்து எடுக்கிற பெண்களின் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விடுவோம். ஓர் ஆயம்மா தொட்டில்களைப் பார்த்துக்கொள்வார். பால் கொடுக்கிற பெண்கள் மலையில் இருந்து இறங்கி வந்து கொடுத்துவிட்டு ஏறுவார்கள். கடையில் வேலை செய்த கிழவர் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் காலையில் கொண்டுவந்து விடுவார், பின்னேரம் தூக்கிக்கொண்டு போவார். அம்மா ஒரு பக்கம் என்னையும் ஒரு பக்கம் அவரையும் போட்டுக்கொள்வார். "இந்தப் பக்கம் கடை மொதலாளி, அந்தப் பக்கம் கொழுந்துக்காரி" என்று சொல்லிச் சிரிப்பாராம். கடைப் பிள்ளைக்குத் தோட்டத்துக் காம்பராவில் என்ன வேலை என்று கங்காணி ஒரு தடவை சத்தம் போட்டிருக்கிறார். "அப்ப நீங்க குடுங்க" என்று அம்மா சொன்னதும் மலையைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டாராம். கடை நானா வெந்தயமும் பேரீச்சம்பழமும் அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஓடித் திரிகிற வயசுவரை இது நடந்தது. ஆயம்மாவும் அந்தக் கிழவரும் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். இரண்டு பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர் ஓதி முடித்து, தாடியோடும் தலைப்பாகையோடும் திரும்பி வந்தபோது, இறங்கிய கையோடு கடைக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றேன். அதுவரைக்கும் வா, போ என்றுதான் பேசுவேன்.

"என்ன ராத்தா, மருவாத எல்லாம் பலமா இருக்கு? கித்தாபுல நீங்க என் கூடப்பொறந்தவங்க மாதிரிதான். ஒரே பால் குடிச்சவங்களுக்குள்ள திரை கெடையாது, கலியாணம் கெடையாது. எனக்கு முன்னால மூடி மறைய வேண்டிய பொம்பள இல்ல நீங்க" என்றார். லயத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு எனக்கு எங்கள் அம்மாவை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது, அதற்குப் பிறகு குனிந்ததில்லை. ஆனாலும் வா, போ என்று திரும்பப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடைக்குப் பக்கத்தில் தக்கியாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. பெரிய பள்ளிவாசல்களில் இருந்து கூப்பிட்டும் போகவில்லை. பகலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். எங்கள் லயத்துப் பெண்கள் பயந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார். அரபு எழுத்தில் தமிழை எழுதுவார். அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். தமிழ் எழுத்தில் எழுதினாலே எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவருடைய பாட்டுகள் எனக்குத் தெரியும். மேடு ஏறும்போது பக்கத்தில் நடந்தவள் நான்தான்.

எங்கள் அம்மா போனபிறகு, வருசா வருசம் தை மாதத்தில் அம்மா போன நாளன்று அவர் வருவார். தோட்டத்து மயானம் மேல் மலையில் இருக்கிறது, தேயிலைக்கு நடுவே. அங்கே ஏறிப் போய் அம்மாவின் தலைமாட்டில் நின்று, கையை ஏந்தி ஓதுவார். அவருடைய ஆட்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களிலும் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் சிரிப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஏறுவார்.

முதல் வருசம் ஏறும்போதுதான் அம்மாவுக்குப் பாட்டுக் கட்டினார். திரும்பும் வழியில் கையை வீசிக்கொண்டு போகாமல் விறகாவது எடுத்துப் போகலாம் என்று நான் கயிறு கொண்டுபோயிருந்தேன். வழியிலேயே வெட்டிப்போட்ட தேயிலைச் சுள்ளி, காய்ந்த மிலாறு, கிடந்ததால் ஏறும்போதே கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் குடைக்காம்பைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

ஈராண்டு முழுதும் இடுப்பினில் ஏந்தி
இருவரையும் மடியிலிட்டுப் பாலூட்டினாள்

"எங்க, நீங்க சொல்லுங்க பாப்பம். நிக்காம ஏறிக்கிட்டே சொல்லுங்க."

சொன்னேன். 'ஏந்தி'க்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை. மூச்சு முட்டி நின்றுவிட்டேன். இன்னொரு தரம் சொன்னேன், அதே இடம். அவர் உச்சுக்கொட்டிவிட்டு முன்னால் நடந்தார். ஒரு பத்தி தேயிலை தள்ளிப் போய்த் திரும்பி நின்று, இப்படிச் சொன்னார்:

ஒரு மிடறு பாலெனக்கு ஊட்டினாள் – அந்த
ஒரு மிடற்றில் உலகெல்லாம் காட்டினாள்

இதை நான் விறகுக் கட்டோடு ஒரே மூச்சில் சொன்னேன். தேன் மாதிரி இறங்கியது. அவருக்கு முகம் மலர்ந்துபோனது. பிறகு கொஞ்சம் வாடியது.

"உங்கள வெளிய விட்டுட்டேனே ராத்தா. முந்திய வரியில இருந்தீங்க."

"பாட்டுல எனக்கு என்னா வேல? அம்மா இருந்தா போதும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்தப் பாட்டு பெரிய பேர் எடுத்தது. கலியாண வீடு, கந்தூரி, பள்ளிக்கூட மேடை எல்லா இடத்திலும் பாடினார்கள். தாயைப் பற்றிய பாட்டு என்று நினைத்துப் பாடினார்கள். எந்தத் தாய் என்று யாரும் கேட்கவில்லை.

பாட்டில் இப்படி இருந்தவர் சட்டத்தில் வேறு ஆள். ஒரு தடவை தக்கியாவுக்கு ஒரு சம்பந்த விவகாரம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தூரத்துச் சொந்தம். எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கிழவி, மாப்பிள்ளை கைப்பிள்ளையாக இருந்தபோது பெண்ணின் தாய் அவனுக்குப் பால் கொடுத்திருக்கிறாளே என்று சொல்லிவிட்டாள். வீடே கலங்கி அவரிடம் வந்தது. நான் அன்றைக்குத் தக்கியாவின் பின்வாசலில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு இருந்தேன். அவர் கூட வந்த கிழவிகளைக் கேட்ட கேள்வி எல்லாம் காதில் விழுந்தது. எத்தனை தடவை கொடுத்தாள், வயிறு நிறையக் கொடுத்தாளா, அழுகையை நிறுத்தக் கொடுத்தாளா, பார்த்தது யார். வயிறு நிறைய ஐந்து தடவை குடித்திருந்தால்தான் பால் உறவு, அதற்கும் சாட்சி வேண்டும் என்றார்.

"அசரத், புள்ள அழுதா குடுக்கிறதுதான். யாரு எண்ணிக்கிட்டு இருந்தா?" என்று ஒரு கிழவி கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கமும் விலகி நிற்க வேண்டும் என்றார்: கலியாணமும் வேண்டாம், அண்ணன் தங்கை என்று திரையில்லாமல் பழகவும் வேண்டாம். மதரசாவில் ஓதிக்கொண்டிருந்த அவருடைய மகன் லீவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தகப்பன் சொல்வதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் என் தம்பியின் கண்டிப்பைக் கண்டு பெருமையாக இருந்தது.

எல்லோரும் போனபிறகு விளையாட்டாகக் கேட்டேன்: "அப்ப நமக்கு யாரு சாட்சி தம்பி?"

"நான்தான் சாட்சி. நான் இருக்கும்போது யாரு வந்து கேக்கப் போறா?"

"குடிச்ச புள்ள சாட்சி சொல்லலாமா?"

"நல்லா சட்டம் பேசுறீங்க. தாடி மட்டுந்தான் பாக்கி" என்றார். சிரித்துக்கொண்டே கறிவேப்பிலையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்துவிட்டேன்.

போன வருசம் மழைக்காலத்தில், தொழுகைக்குக் கை கால் கழுவ உட்கார்ந்த இடத்தில், தண்ணீர்த் தொட்டியோடு சாய்ந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று தக்கியாவைக் கூட்டுகிற பெரியவர் வந்து சொன்னார். அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனேன். வார்டு வாசலில் நர்ஸ் மிஸ் மறித்து, "லெடாகே கவுத?" என்று கேட்டாள். நோயாளிக்கு நான் என்ன வேண்டும் என்று கேட்கிறாள். "அக்கா" என்றேன். சிங்களத்திலும் அது அக்காதான். என் பொட்டைப் பார்த்தாள், உள்ளே கட்டிலில் கிடந்த தாடியைப் பார்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. போங்க என்று கையைக் காட்டினாள். அவ்வளவுதான். அங்கே ஒரு சொல் போதுமாக இருந்தது.

மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். தொண்டை வேலை செய்யவில்லை, வாயால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் கண் நிறைந்தது. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, விரலால் என் புறங்கையில் தட்டினார், குடைக்காம்பில் தட்டுகிற மாதிரி. வாய் கோணி, 'ஆ' என்ற சத்தம் மட்டும் வந்தது. இவ்வளவு பாட்டுக் கட்டிய வாய். நான் சேலைத் தலைப்பால் அவர் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிற நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும்வரை கையை விடவில்லை.

முடிந்தபோதெல்லாம் போனேன். ஒரு நாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ கிடந்தார்கள். மகன் வந்து ரம்புக்கனைக்கு அழைத்துப் போய்விட்டார் என்றாள் மிஸ். மகன் அங்கே பள்ளிவாசலில் மௌலவி. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாததில் வஞ்சகம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. நோயாளியைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் யாருக்கு யார் ஞாபகம் வரும்.

என் மகள் வேண்டாம் என்றாள். உங்கள் முழங்காலுக்கு இது ஆகாது, போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். பேச முடியாத ஆளைப் போனில் என்ன கேட்பது. அவருக்குக் காலம் அதிகமில்லை என்று கண்ணால் பார்த்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை இன்னொரு தரம் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் வந்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரத்தினபுரிக்கு ஒரு பஸ், கேகாலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரம்புக்கனைக்கு ஒன்று. ஸ்டேசனுக்குப் பின்னால், சிங்களத்தில் வழி கேட்டுக் கேட்டு, வீட்டைக் கண்டுபிடித்தேன். மேட்டுக்கு ஏறப் போகிற ரயில் ஒன்று அங்கே நின்று இரைந்துகொண்டிருந்தது. மகன்தான் கதவைத் திறந்தார். சின்ன வயசில் என் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, மாமி மாமி என்று இறங்க மாட்டேன் என்றவர். தகப்பனோடு பிறந்தவள் அவர்களுக்கு மாமி.

"வாங்கம்மா" என்றார்.

தோட்டத்துக் கிழவி யார் வந்தாலும் அம்மா என்றுதான் சொல்வார்கள். மரியாதையான சொல்தான். எனக்குக் கால் செருப்பிலேயே நின்றுவிட்டது.

கதிரை போட்டார். அவருடைய மனைவி பால் விடாத சாயத்தண்ணியும் வெல்லமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முழங்காலைப் பார்த்து, இன்னொரு சின்னக் கதிரையைக் காலுக்கு இழுத்துப் போட்டாள். நல்ல பிள்ளை. உள் அறையின் வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. நான் எழுந்து திரையை நோக்கி நடந்தேன். மகன் குறுக்கே வந்து நின்றார். தொடவில்லை, தள்ளவில்லை. நின்றார்.

"இங்கிருந்தே பேசுங்கம்மா. வாப்பாக்குக் காது நல்லாக் கேக்கும்."

"உள்ள போயி கையப் புடிச்சிட்டு வந்திர்றேன் மகன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். வயசான பெண்ணுக்குச் சலுகை உண்டு, முகம் காட்டிப் பேசலாம். ஆனால் கையைத் தொடுவதும், உடுப்பு விலகிக் கிடக்கிற ஆளின் பக்கத்தில் உட்காருவதும் கூடப்பிறந்தவர்களுக்கும் பால் உறவுக்கும் மட்டும்தான். வாப்பா நல்ல நிலையில் இருந்தவரைக்கும் அது வாப்பாவின் பொறுப்பு, வாப்பாவின் சொல்லுக்கு மேலே யாரும் பேசவில்லை. இப்போது பொறுப்பு தன் தலையில் வந்திருக்கிறது. இந்த ஊரில் வாப்பாவின் பாட்டையும், அடக்கின இடத்தில், கப்றடியில், ஓதுவதையும் குறை சொல்கிற ஆட்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். தினமும் நோய் பார்க்க வருகிறார்கள்.

"நானும் உங்கம்மாட பாலக் குடிச்ச மனுசன்ட மகன்தான்னு எனக்குத் தெரியும். ஆனா தெரியிறது சாட்சி இல்லையே. அஞ்சு தடவ, வயிறு நெறைய, பாத்த ஆள். எனக்கு அத ஓதித் தந்ததே வாப்பாதான். சந்தேகம்னா விலகி நில்லுன்னு சொன்னதும் வாப்பாதான்."

"எங்க அம்மா ரெண்டு வருசம் குடுத்தாங்க."

"யாராச்சும் இருக்காங்களாம்மா, பாத்தவங்க?"

நான் யோசித்தேன். ஆயம்மா இல்லை. கடைக் கிழவர் இல்லை. கடை நானா இல்லை. அந்தக் காலத்துப் பெண்களில் ஒருத்தரும் இல்லை. லயமே இடித்துக் கட்டிவிட்டார்கள்.

"வாப்பாட பாட்டுலயே ஒரு மிடறுன்னுதானே இருக்கு" என்றார் அவர். "சின்னப் புள்ளைக்கும் அது பாடம். நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்க வாப்பாவே ஒரு மிடறுன்னு பாடியிருக்காரே, அப்ப எப்படி உள்ள விட்டீங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"அது பாட்டு மகன்."

"பாட்டுன்னு எனக்கும் தெரியும்."

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் திரையை விலக்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் அப்பன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்பன் முன்னாலேயே ஒப்பித்துக்கொண்டு நின்றார். அந்தப் பாடத்துக்கு மறுபாடம் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னால் வாய் கோணிக் கிடந்தார்.

முதலில் கட்டிய வரியில் இரண்டு வருசம் என்று இருந்ததை அவரிடம் சொன்னேன். மேடு ஏறும்போது எனக்கு மூச்சு முட்டியதால்தான் அது ஒரு மிடறு ஆனது என்றேன்.

"அந்த வரிய வேற யாரு கேட்டது?"

"நான்தான்."

"வேற?"

"தலையில வெறகுக் கட்டு இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே அழுகையாகப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒருவர் வாசலிலும் கெஞ்சி நின்றவள் இல்லை. எங்கள் அம்மா பால் கொடுக்கக் கையை நீட்டியவர், சோறு கேட்டு நீட்டியவர் இல்லை. கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்க முடியுமா. சாப்பிட்டீர்களா என்று கேட்க முடியுமா, குழாயில் போகிற கஞ்சியை. அதனால் அந்த வரியைச் சொன்னேன். பாட்டாக இல்லை, பேச்சாக.

"ஈராண்டு முழுதும் இடுப்பினில் ஏந்தி..."

மூன்று பஸ் ஏறி இறங்கிய உடம்பு. உட்கார்ந்துகொண்டு சொல்லும்போதும் அதே இடத்தில் மூச்சு முட்டிக்கொண்டது.

உள்ளே கட்டில் கம்பியில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். நிதானமாக, குடைக்காம்பில் தட்டுகிற அதே தட்டு.

மகன் காதிலும் அது விழுந்தது. அவர் மனைவியும் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டாள். நான் மகனின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பிடித்தார். அந்தப் பச்சைத் துணி அவர் கையில் கசங்கியது. விலக்கிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு வெளி வாசலில் யாரோ சலாம் சொல்கிற குரல் கேட்டது, நோய் பார்க்க வந்தவர்கள். அவர் கையை எடுத்துவிட்டார். துணி பழையபடி தொங்கியது. ஆண்கள் உள்ளே போனார்கள். தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. நான் பெண்கள் பக்கம், அடுப்படிக்கு, என் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பின்னேரம் மகனே என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். தூறலுக்கு எனக்குக் குடை பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். அது அவருடைய வாப்பாவின் குடை, காம்பில் தட்டித் தட்டி ஒரு பக்கம் வழுவழுத்துப் போனது. கண்டக்டரிடம் சிங்களத்தில், ஆச்சிக்கு முழங்கால் வலி, பார்த்து இறக்கிவிடுங்கள் என்று சொன்னார். ஜன்னல் அருகே வந்து நின்று, "பாத்துப் போங்க" என்றார். அதோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற சொல் ஒன்றும் வரவில்லை. அம்மா என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, மாமி என்று சொல்லவும் வழியில்லை. பஸ் எடுக்கும்வரை குடையைச் சுருக்காமல் நின்றார்.

அதற்குப் பிறகு மழை விடவில்லை. மண்சரிவு என்று சொல்லி ரோட்டை மூடினார்கள். பஸ் ஓடத் தொடங்குவதற்குள் மகளின் போனுக்குச் செய்தி வந்தது. விடியற்காலையில் மௌத்தாகி, பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். வழி திறந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். போய்ச் சேர்ந்திருந்தாலும் எந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

தக்கியாவில் கந்தூரி வைத்துச் சோறு கொடுத்தார்கள். பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள், ஒரு மிடறு, ஒரு மிடறு என்று. அழகாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில்கூட மூச்சு அறுந்துபோகவில்லை. அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண், இது யாரைப் பற்றிய பாட்டு தெரியுமா பாட்டி, அசரத்தைப் பெற்ற உம்மாவைப் பற்றியது என்று எனக்குச் சொல்லித் தந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தையில் அம்மாவின் நாளுக்கு நான் தனியாகத்தான் ஏறினேன். தலையில் விறகு இல்லை, கையில் ஒரு கம்பு. அவர் ஓதுகிற அரபு எனக்கு வராது. தெரிந்த ஒன்றைச் சொல்லலாம் என்று, ஏறிக்கொண்டே, அவர் முதலில் கட்டிய வரியைச் சொன்னேன். இருவரையும் என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு நின்றது. நானும் நின்றேன். கழித்துத் தர ஆள் இல்லை. எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவும் இல்லை. மூச்சு திரும்பி வந்ததும் மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். அதே இடத்தில்தான் நின்றது.